அலிசியா அலோன்சோ: பார்வை மங்கிய பிறகும் ஆடியவர், 71 ஆண்டு ஒரு பாலே குழுவை நடத்தியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலே என்ற மேற்கத்திய மேடை நடனத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ரஷ்யா, பிரான்ஸ் என்றுதான் பெயர்கள் வரும். கியூபா என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். சர்க்கரையும் சுருட்டும் விற்ற ஒரு சின்னத் தீவு, உலகின் பெரிய பாலே மேடைகளுக்கெல்லாம் நடனக்காரர்களை அனுப்பியது எப்படி என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரு பெண்ணிடம் போய் நிற்கும். அவரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் இந்த அலிசியா அலோன்சோ?

கியூபாவின் ஹவானா நகரில் 1920 டிசம்பர் 21 அன்று பிறந்தவர். நியூயார்க்கில் பெயர் வாங்கிய பாலே நாயகி. 1948-ல் சொந்த ஊரில் தன் பெயரிலேயே ஒரு நடனக்குழு தொடங்கினார். அதுதான் பின்னாளில் கியூபா தேசிய பாலே ஆனது. 2019 அக்டோபர் 17 அன்று, 98 வயதில் ஹவானாவில் இறக்கும்வரை அந்தக் குழுவின் தலைவர் அவர்தான். பாலே உலகில் மிகச் சிலருக்கே கிடைத்த 'பிரிமா பாலரினா அசொலூட்டா' என்ற பட்டம் அவருக்கு உண்டு. நாயகிகளுக்கெல்லாம் நாயகி என்று வைத்துக்கொள்ளலாம்.

இருபது வயதிலேயே பார்வை பாதிக்கப்பட்டவர் அவர். இத்தனையும் நடந்தது அதற்குப் பிறகு.

பாலேவுக்கு எப்படி வந்தார்?

அப்பா ராணுவ அதிகாரி. 1931-ல் ஹவானாவின் 'ப்ரோ ஆர்ட்டே' இசைச் சங்கம் நடத்திய பாலே வகுப்பில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவர் நிகோலாய் யாவோர்ஸ்கி என்ற ரஷ்யர். அதே வகுப்புகளில் ஆடிய பெர்னாண்டோ அலோன்சோவை 16 வயதில் திருமணம் செய்துகொண்டு 1937-ல் நியூயார்க் போனார். அடுத்த ஆண்டே மகள் லாரா பிறந்தாள்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டுதான் பயிற்சி. பிராட்வே இசை நாடகங்களில் பின்வரிசையில் ஆடினார்கள். என்ரிகோ ஸான்ஃப்ரெட்டாவிடம் இத்தாலிய முறை, அலெக்ஸாண்ட்ரா ஃபெடொரோவாவிடம் ரஷ்ய முறை என்று இரண்டையும் கற்றார். 1940-ல், அப்போதுதான் தொடங்கியிருந்த 'பாலே தியேட்டர்' குழுவில் சேர்ந்தார். இன்றைய அமெரிக்கன் பாலே தியேட்டர் அதுதான்.

கண்ணுக்கு என்ன ஆயிற்று?

1941. ஒத்திகையின்போது பொருள்கள் மேல் மோத ஆரம்பித்தார். பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை. மருத்துவரிடம் போனபோது விழித்திரை விலகியிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து, மாதக்கணக்கில் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். எழுந்து ஆடத் தொடங்கியதும் மறுபடியும் விலகியது. இரண்டாவது சிகிச்சை. அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது சிகிச்சை ஹவானாவில் நடந்தது. இந்த முறை ஓராண்டு படுக்கை.

அன்றைய மருத்துவத்தில் விழித்திரையைத் திரும்ப ஒட்டவைக்க உடலை அசைக்காமல் வைப்பதுதான் பெரிய மருந்து. இரண்டு கண்ணிலும் கட்டு. தலையைத் திருப்பக் கூடாது. சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. கடினமாக எதையும் மெல்லக் கூடாது. இருபத்தோரு வயது நடனக்காரிக்கு, நாள் முழுக்க ஓடியாடியே பழகிய உடம்புக்கு, இதைவிடப் பெரிய தண்டனை என்னவாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மருத்துவர்கள் சொன்னது இதுதான்: பக்கப் பார்வை திரும்பாது, ஆடுவதை மறந்துவிடுங்கள்.

படுத்துக்கொண்டே ஒரு முழு பாலேயைக் கற்றார் என்பது உண்மையா?

உண்மை. அவரும் பெர்னாண்டோவும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த விஷயம் இது. பெர்னாண்டோ படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். தன் விரல்களையே கால்களாக்கி, 'ஜிசெல்' என்ற பாலேயின் அடிகளை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொடுப்பார். கட்டுப் போட்ட கண்ணோடு அலிசியா அதை வாங்கிக்கொண்டு தன் விரல்களால் திருப்பி ஆடுவார். இங்கே ஒரு தாவல், இங்கே திரும்புதல், இங்கே ஒற்றைக்கால் முனையில் நிற்பது. இரண்டு விரல்கள் ஒரு போர்வையின் மேல் அந்தப் பாலேயின் இரண்டு அங்கங்களையும் ஆடி முடித்தன. நாயகியின் பாகம் மட்டும் இல்லை, கூட ஆடுபவர்களின் பாகங்களும்தான்.

பயிற்சி என்றால் உடம்பு பழகுவது என்றுதான் நினைக்கிறோம். இவருக்கு உடம்பு பழகுவதற்கு முன்பே மனசு முழுசாக ஆடி முடித்துவிட்டது. பின்னாளில் அவர் மேடையில் செய்தது, குழுவை நடத்தியது எல்லாவற்றுக்கும் வேர் அந்தப் படுக்கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள். கட்டு அவிழ்த்த பிறகு, வீட்டில் அவர் நின்றிருந்தபோது புயல் காற்றில் கண்ணாடிக் கதவு ஒன்று உடைந்து அவர் மேல் சிதறியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையே தாங்கிய கண் நடனத்தைத் தாங்காதா என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் மருத்துவர் அவரை ஆட விட்டாராம்.

'ஜிசெல்' என்ன கதை?

1841-ல் பாரிஸில் அரங்கேறிய பாலே. இசை அடால்ஃப் ஆடம். ஜிசெல் ஒரு கிராமத்துப் பெண், இதயம் பலவீனமானவள். ஆல்பிரெக்ட் என்ற பிரபு தன்னைச் சாதாரண ஆளாகக் காட்டிக்கொண்டு அவளைக் காதலிக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு நிச்சயம் ஆகியிருப்பது தெரிந்ததும் அவள் புத்தி பேதலித்து, அந்த இடத்திலேயே விழுந்து இறக்கிறாள். முதல் அங்கம் அதோடு முடிகிறது.

இரண்டாவது அங்கம் நள்ளிரவுக் காட்டில். காதலில் ஏமாந்து செத்த பெண்களின் ஆவிகள், கையில் சிக்கும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கும். ஆல்பிரெக்ட் சிக்குகிறான். ஜிசெல்லின் ஆவி, தன்னை ஏமாற்றியவனையே விடியும்வரை காப்பாற்றுகிறது.

ஒரே இரவில் ஒரு நடனக்காரி வெகுளிப் பெண்ணாகவும், பித்துப் பிடித்தவளாகவும், எடையே இல்லாத ஆவியாகவும் மாற வேண்டும். அதனால்தான் இந்த வேடத்தை வைத்து நாயகிகளை எடைபோடுவார்கள்.

1943 நவம்பர் 2 அன்று என்ன நடந்தது?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் 'ஜிசெல்'. நாயகி, அந்த வேடத்துக்கே பேர்போன அலிசியா மார்க்கோவா. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மார்க்கோவாவின் இடத்தில் போய் நிற்கும் துணிச்சல் மற்றவர்களுக்கு வரவில்லை. அலோன்சோ சரி என்றார். ஜோடி ஆன்டன் டோலின், மார்க்கோவாவோடு வழக்கமாக ஆடுபவர்.

படுக்கையில் விரல்களால் ஆடிய பாலே அன்று கால்களுக்கு வந்தது. அந்த இரவுக்குப் பிறகு 'ஜிசெல்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1993-ல், அதன் 50-ஆம் ஆண்டில், எழுபதைத் தாண்டிய வயதில் அந்தப் பாலேயின் பகுதிகளை ஹவானாவில் மறுபடி ஆடினார்.

சரியாகப் பார்க்க முடியாதவர் மேடையில் எப்படி ஆடினார்?

ஆரம்பத்தில் முழுக் குருடு இல்லை. நேராக இருப்பது ஓரளவு தெரியும், பக்கவாட்டில் தெரியாது. வயது ஏற ஏற அதுவும் போய், கடைசியில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சியது.

மேடையின் குறிப்பிட்ட இடங்களில் வெவ்வேறு நிறத்தில் பலமான விளக்குகள் வைப்பார்கள். இந்த நிறம் தெரிந்தால் நடுவில் இருக்கிறோம், அந்த நிறம் என்றால் விளிம்புக்கு வந்துவிட்டோம் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். ஜோடியாக ஆடும் ஆண், சொன்ன நொடியில் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். ஒரு அடி தள்ளி நின்றாலும் அவர் தாவும் இடத்தில் கை இருக்காது. ஆடிக்கொண்டே காதில் மெதுவாகச் சொல்லி வழிகாட்டியவர்களும் உண்டு.

இதில் என்னை அசரவைப்பது அவருடைய சுழற்சி. பாலேயில் சுழல்பவர்கள் தலைசுற்றாமல் இருக்க ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் தலையைச் சட்டென்று அங்கேயே திருப்புவார்கள். எல்லாப் பள்ளியிலும் முதலில் சொல்லித்தருவது அது. கண் உதவாத இவர் பேர் வாங்கியதே வேகமான சுழற்சிக்கும், ஒற்றைக்கால் முனையில் அசையாமல் நீண்ட நேரம் நிற்பதற்கும்தான்.

1947-ல் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் இவருக்காகவும் இவருடைய ஜோடி இகோர் யூஸ்கேவிச்சுக்காகவும் சாய்கோவ்ஸ்கி இசையில் 'தீம் அண்ட் வேரியேஷன்ஸ்' என்ற பாலேயை அமைத்தார். ஒத்திகையில் பாலன்சின் ஒவ்வொரு நாளும் இன்னும் கடினமாக ஏதாவது கேட்பாராம், இவர் முயன்று பார்க்கிறேன் என்பாராம். இன்றைக்கும் முன்னணி நடனக்காரர்கள் அந்தப் பாலேயைக் கண்டு பயப்படுகிறார்கள்.

நியூயார்க்கில் பேரும் புகழுமாக இருந்தவர் ஏன் ஹவானாவுக்குத் திரும்பினார்?

அவர் ஒரேயடியாகத் திரும்பவில்லை, போய்வந்து கொண்டிருந்தார். 1948-ல் பணக் கஷ்டத்தால் பாலே தியேட்டர் தற்காலிகமாக நின்றபோது, அங்கிருந்த பலரை அழைத்துக்கொண்டு ஹவானாவுக்கு வந்தார். அக்டோபர் 28 அன்று 'பாலே அலிசியா அலோன்சோ'வின் முதல் நிகழ்ச்சி. பெர்னாண்டோ நிர்வாகம். அவர் தம்பி ஆல்பர்ட்டோ நடன அமைப்பு. 1950-ல் ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். முதலில் வெளியூர்க்காரர்கள் நிறைய இருந்தார்கள். கியூபாவிலேயே நடனக்காரர்களை வளர்த்தால்தான் குழு நிலைக்கும் என்பது அவர்கள் கணக்கு. வெளிநாட்டில் ஆடிச் சம்பாதித்த பணத்தை அலிசியா இங்கே கொட்டினார்.

1956-ல், அப்போது கியூபாவை ஆண்ட சர்வாதிகாரி பாட்டிஸ்டாவின் அரசு மானியத்தை நிறுத்தியது. குழுவைக் கைகழுவிவிட்டு அலிசியாவுக்கு மட்டும் மாதப் பணம் தருகிறோம் என்றார்கள். அவர் பகிரங்கமாக மறுத்தார். ஹவானா பல்கலைக்கழக விளையாட்டரங்கில், மாணவர்கள் துணை நிற்க, ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆடிவிட்டு, இந்த அரசு இருக்கும்வரை கியூபாவில் ஆடமாட்டேன் என்று கிளம்பினார். அடுத்த சில ஆண்டுகள் பாலே ருஸ் தெ மோன்டே கார்லோ குழுவோடு சுற்றினார். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது சோவியத் யூனியனுக்குப் போயும் ஆடிவந்தார்.

ஃபிடல் காஸ்ட்ரோ நேரில் வந்து பணம் கொடுத்தார் என்கிறார்களே?

பெர்னாண்டோ சொன்ன கதை அது. 1959 புரட்சிக்குப் பிறகு ஓர் இரவு ஃபிடல் அவர்கள் வீட்டுக்கு வந்தார். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, கிளம்பும் நேரத்தில் குழுவுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். பெர்னாண்டோ ஒரு லட்சம் என்றார். இரண்டு லட்சம் தருகிறேன், ஆனால் நல்ல குழுவாக இருக்க வேண்டும் என்றாராம்.

1960 மே மாதம் தேசிய பாலேவுக்குத் தனிச் சட்டமே போட்டார்கள். அலிசியா அதற்குப் பிறகு கடைசிவரை புரட்சியின் பக்கம்தான் நின்றார். அதற்கு விலையும் இருந்தது. பல ஆண்டுகளுக்கு அமெரிக்க மேடைகள் அவருக்கு மூடிக்கிடந்தன. 1975-ல்தான் மறுபடி நியூயார்க்கில் ஆட முடிந்தது.

ஆண் பிள்ளைகளைப் பாலேவுக்கு அனுப்பக் கியூபாவில் சம்மதித்தார்களா?

இல்லை, பெரிய தலைவலியே அதுதான். ஆண் பிள்ளை காலை உயர்த்தி ஆடுவதா என்று பெற்றோர் கேட்ட காலம். பெர்னாண்டோ அநாதை இல்லத்துக்குப் போனார். அங்கிருந்த சிறுவர்களில் இருந்து தேர்ந்தெடுத்துச் சேர்த்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹோர்கே எஸ்கிவெல். பின்னாளில் பல ஆண்டுகள் அலிசியாவுக்கே ஜோடியாக ஆடினார்.

பயிற்சி இலவசம். தீவு முழுக்கப் போய்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குழுவும் தொழிற்சாலை, ராணுவ முகாம், பூங்கா என்று போய் ஆடியது. 'ஸ்வான் லேக்' பாலேயைப் பற்றி டாக்ஸி ஓட்டுநரும் கருத்துச் சொல்லும் ஊராக ஹவானா ஆனது அப்படித்தான்.

கியூபப் பாணி என்று இன்று தனியாகச் சொல்கிறார்களே, அதைப் பகுத்து முறையாக்கியவர் பெர்னாண்டோ. இத்தாலியக் கால்வேகம், ரஷ்ய விரிவு, இரண்டோடும் கியூப உடம்பின் தாளம். அந்த முறைக்கு உயிருள்ள மாதிரி அலிசியா. இருவரையும் பிரித்துப் பேசுவது சரியில்லை. 1970களில் அவர்கள் மண வாழ்க்கை முறிந்து, பெர்னாண்டோ காமாகுவே நகரின் பாலேவுக்குப் போய்விட்டார். அலிசியா 1975-ல் விமர்சகர் பெட்ரோ சிமோனைத் திருமணம் செய்துகொண்டார். குழுவுக்கு அந்தப் பிரிவு பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

இவர் வளர்த்தவர்கள் யார் யார்?

முதலில் 'நான்கு ரத்தினங்கள்': மிர்த்தா ப்ளா, லொய்ப்பா அராவுஹோ, அவ்ரோரா போஷ், ஹொசேஃபினா மெண்டெஸ். 1960களின் நடுவில் பல்கேரியாவின் வர்னா போட்டியில் இவர்கள் பதக்கங்கள் வாங்கியபோதுதான் உலகம் கியூபாவைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயரை வைத்தவர் ஆர்னால்ட் ஹாஸ்கெல் என்ற ஆங்கில விமர்சகர்.

அப்புறம் வந்த தலைமுறையில் ஹொசே மனுவேல் கரேன்யோ, லொரேனா ஃபெய்ஹோ, கார்லோஸ் அகோஸ்டா. லாரி ஓட்டுநரின் மகனான அகோஸ்டா 1990-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் பாலே போட்டியில் தங்கம் வாங்கி, பின்னர் லண்டன் ராயல் பாலேயின் நட்சத்திரமானார். 2020-ல் பர்மிங்காம் ராயல் பாலேயின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

கண் தெரியாமல் ஒரு குழுவை இயக்குவது எப்படி?

ஒத்திகையில் முன்னால் நாற்காலியில் உட்காருவார். கறுப்புக் கண்ணாடி, தலையில் துணிக்கட்டு. பக்கத்தில் ஒருவர் மேடையில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். மீதியைக் காதால் பிடிப்பார். பாலே காலணியின் முனையில் கெட்டியான பெட்டி போன்ற பகுதி உண்டு. தாவி இறங்கும்போது பாதம் சரியாக உருண்டு இறங்கினால் சத்தம் மென்மையாக வரும், அவசரப்பட்டால் 'டக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்திலேயே பிழையைப் பிடித்துவிடுவார்.

திருத்தம் சொல்ல எழுந்து ஆடிக்காட்ட முடியாத வயதில் கைகளால் ஆடிக்காட்டினார். மணிக்கட்டு கணுக்காலாகும், விரல் நுனி பாத முனையாகும். அந்தக் கைகளைக் காணொளியில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெர்னாண்டோ உட்கார்ந்திருந்த அந்தக் கட்டில் ஓரம் நினைவுக்கு வரும்.

'கார்மென்' பாலே அவருக்காக அமைத்ததா?

இல்லை. ஆல்பர்ட்டோ அலோன்சோ 1967-ல் மாஸ்கோவில் சோவியத் பாலே நாயகி மாயா பிளிசெட்ஸ்கயாவுக்காக அமைத்தார். அதே ஆண்டு ஹவானாவில் அலிசியாவும் ஆடினார். மாயாவின் தம்பி அஸாரி அப்போது அலிசியாவின் ஜோடி. இரண்டு கார்மென்களில் யார் உசத்தி என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

குறையே இல்லாதவரா?

அப்படிச் சொன்னால் அவருக்கு நியாயம் செய்ததாக ஆகாது. குழுவின் பிடியை அவர் விடவே இல்லை. புதிய நடன அமைப்புகள் போதுமான அளவு உள்ளே வரவில்லை, பழைய பாலேக்களையே திரும்பத் திரும்ப ஆடவைக்கிறார் என்று இளையவர்கள் குறைப்பட்டார்கள். கறுப்பின நடனக்காரர்களுக்கு நாயக வேடங்கள் எளிதில் கிடைக்கவில்லை என்ற விமர்சனமும் உண்டு. சம்பளம் குறைவு. வெளிநாட்டுப் பயணத்தில் குழுவைவிட்டு விலகித் திரும்பாமல் போனவர்கள் நிறைய. தானும் ஒரு காலத்தில் வெளிநாடு போய்த்தான் வளர்ந்தவர் என்பதால், இந்த இடத்தில் அவர் இன்னும் கொஞ்சம் இளகியிருக்கலாம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் மருத்துவர் ஆடாதே என்றபோது கேட்காத அதே பிடிவாதம்தான் இதுவும்.

எத்தனை வயதுவரை ஆடினார்? இப்போது குழு யார் கையில்?

கடைசியாக ஆடியது 1995-ல், 74 வயதில். ஹவானாவின் பழைய பெரிய அரங்குக்கு 2015-ல் அவர் பெயரை வைத்தார்கள். 2019 தொடக்கத்தில் நாயகி வியெங்சாய் வல்தேஸைத் துணைக் கலை இயக்குநராக நியமித்தார்கள். அலிசியா மறைந்த பிறகு முழுப்பொறுப்பும் அவருக்கு வந்தது.

அவர் ஆடியதைப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்கலாம்?

1960களில் கியூபத் திரைப்பட நிறுவனம் அவருடைய 'ஜிசெல்'லைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கியது. அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஆல்பிரெக்ட்டாக அஸாரி பிளிசெட்ஸ்கி.

முழுவதும் பார்க்க நேரமில்லை என்றால் முதல் அங்கத்தின் முடிவை மட்டும் பாருங்கள். ஆரம்பத்தில் ஜிசெல் ஒரு பூவின் இதழ்களைப் பிய்த்து, காதலிக்கிறானா இல்லையா என்று பார்த்திருப்பாள். பித்துப் பிடித்த பிறகு, கையில் பூவே இல்லாமல், அந்த இதழ்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பிய்ப்பாள். அந்த இடத்தில் அலிசியாவின் விரல்களைக் கவனியுங்கள்.